நோ பார்க்கிங் ஃபைனா? கட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கம்பத்த ஒரு தடவ பாத்துட்டு வாங்க

பாளையங்கோட்டை கோர்ட்ல ப்ராக்டிஸ் பண்ற எங்கிட்ட நோ பார்க்கிங் ஃபைன்னு வர்றவங்க முக்காவாசிப் பேரு காரணத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. "சார், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில அம்மாவ காட்டிட்டு மாத்திர வாங்க இறங்குனேன்", "அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருந்து மச்சான் வந்திருந்தாரு, திருநெல்வேலி டவுன்ல அல்வா வாங்க நின்னோம்", "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டப் போனேன், திரும்பி வாரதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாவ". எல்லாம் உண்மைதான், நான் நம்புறேன். ஆனா நீங்க ஏன் நிறுத்துனீங்கங்கறத வச்சு கேஸ் ஜெயிக்காது. அங்க நிறுத்தக்கூடாதுன்னு வண்டி ஓட்டுறவனுக்கு தெரியுற மாதிரி ஏதாவது இருந்துச்சா இல்லையா, அதுல மட்டும்தான் நமக்குப் பிடி இருக்கு. அதனால என் ஆபீஸுக்கு யாரு வந்தாலும் நான் முதல்ல கேக்குறது "போர்ட போட்டோ எடுத்தீங்களா?"ன்னுதான். எடுத்திருக்க மாட்டாங்க. வண்டிய எடுத்திருப்பாங்க, சலான எடுத்திருப்பாங்க, போலீஸ்காரர் முகத்தக்கூட வீடியோ எடுத்திருப்பாங்க, போர்டு மட்டும் இருக்காது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா பாத்துருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 117வது பிரிவுதான் எங்கெங்க வண்டி நிறுத்தலாம்னு முடிவு பண்ற அதிகாரத்த மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் தருது, அதுவும் உள்ளாட்சியோட கலந்து பேசித்தான் செய்யணும். 116வது பிரிவு போர்டு வைக்கிற அதிகாரம், அதுலயே சட்டத்தோட அட்டவணையில சொன்ன அளவு, நிறம், வகையிலதான் போர்டு இருக்கணும்னும் இருக்கு. நோ பார்க்கிங்னா நீல வட்டம், சுத்தி சிவப்பு விளிம்பு, குறுக்க ஒரு சிவப்புக் கோடு. அதே வட்டத்துல ரெண்டு கோடு எக்ஸ் மாதிரி போனா அது வேற, அங்க வண்டிய நிறுத்தி ஆள இறக்கி ஏத்தக்கூட கூடாது. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம ஃபைன் வாங்குறவங்க நெறைய, சில நேரம் சலான் போடுறவருக்கே அது குழம்பிரும். ஃபைன் தொகைய பாத்தா 177வது பிரிவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 1500 ரூபாய் வரை. தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து இந்தப் புது ரேட்டுதான் ஓடுது, அதுக்கு முன்னாடி 100 ரூபாய்ல முடிஞ்ச சமாச்சாரம்.

இப்ப உடனே "போர்டே இல்ல சார், அப்ப நான் ஜெயிச்சுட்டேன்ல?"ன்னு கேட்டுறாதீங்க. போர்டே தேவையில்லாத இடங்கள் இருக்கு. ஜீப்ரா கிராசிங், ஃபுட்பாத், ரோடு சந்திக்கிற முக்கு, பஸ் ஸ்டாப் பக்கம், ஆஸ்பத்திரி, ஸ்கூல் வாசல், அடுத்தவன் வீட்டு கேட், ஏற்கனவே நிக்கிற வண்டிக்கு பக்கத்துல ரெண்டாவது வரிசை, இங்கெல்லாம் நிறுத்தக்கூடாதுன்னு 2017 வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலயே இருக்கு. வண்ணாரப்பேட்டையில முக்குல வண்டிய விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்து போர்டு எங்கன்னு கேட்டா நானும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தக் கேஸ நான் எடுக்குறதே இல்ல, 500 ரூபாய கட்டிட்டு போங்கன்னு சொல்லி அனுப்பிருவேன். அதே மாதிரி பெயிண்ட் கொஞ்சம் மங்கிருச்சு, கம்பம் லேசா சாஞ்சிருச்சுங்கறதுக்காக எந்த மாஜிஸ்திரேட்டும் விடுதலை பண்ணப் போறதில்ல. பாத்தா புரியுமா புரியாதா, அவ்வளவுதான் அளவு.

கடைக்காரங்க வைக்கிற போர்டு ஒரு தனிக் கூத்து. டவுன் ரத வீதிகள்ல ஒரு ரவுண்டு நடந்து பாருங்க, கடை பேரும் செல் நம்பரும் போட்டு கீழ சின்னதா நோ பார்க்கிங்னு ஒரு தகரம், ஒரு பழைய டயர், உடைஞ்ச பிளாஸ்டிக் சேர், மணல் நிரப்புன பெயிண்ட் டப்பா. ரோடு அவங்க அப்பன் வீட்டுச் சொத்து இல்ல, அந்தத் தகரம் 116வது பிரிவு போர்டும் இல்ல. அத மீறுனீங்கன்னு யாரும் ஃபைன் போட முடியாது, ஆனா அவர் வாசல அடைச்சு நிறுத்துனீங்கன்னா இடைஞ்சல்ங்கற கணக்குல வேற வழியில வரும். தனியார் காம்ப்ளெக்ஸ் உள்ள செக்யூரிட்டி "ஃபைன் கட்டுங்க"ன்னு துண்டுச் சீட்டு நீட்டுனாலும் அது அபராதம் இல்ல, அபராதம் போடுற அதிகாரம் அவங்களுக்குக் கிடையாது.

திருவிழா நேரம் இன்னும் குழப்பம். ஆனித் தேரோட்டம் வந்தா நெல்லையப்பர் கோயில சுத்தி முந்தின நாள் வரைக்கும் நிறுத்துன இடத்துல மறுநாள் நிறுத்த முடியாது, அது நியாயந்தான், தேரு திரும்பணுமே. ஒரு ரோட்டுல வண்டிப் போக்குவரத்த தடுக்கவோ கட்டுப்படுத்தவோ 115வது பிரிவுல அதிகாரம் இருக்கு, அதுக்கு அரசிதழ்ல அறிவிப்பு வேணும், பொருத்தமான இடத்துல போர்டும் வைக்கணும். ஒரு மாசத்துக்கு மேல போகாத தடைன்னா அரசிதழ் வேண்டாம், ஆனா உள்ளூர்ல முடிஞ்ச அளவு விளம்பரம் கொடுத்தே ஆகணும்னு அதே பிரிவு சொல்லுது. அதனால திருவிழா டைம்ல சலான் வந்துச்சுன்னா அன்னைக்கு பேப்பர கிழிச்சுப் போடாம எடுத்து வைங்க. அறிவிப்புல உங்க தெரு பேரு இருந்துச்சா, எத்தன மணில இருந்துன்னு போட்டிருந்துச்சு, இதுல எத்தனையோ தடவ விஷயம் இருக்கும். காலைல தேரு ஓடுற தெருவுல முந்தின நாள் ராத்திரி 8 மணிக்கு நின்ன வண்டிக்கு சலான் வந்தா அத கேக்கத்தான் செய்யணும்.

எங்கிட்ட வந்ததுல எனக்கு மறக்காத ஒண்ணு ஒரு லோடு ஆட்டோக்காரரோடது. அம்பாசமுத்திரம் பக்கம், வாழை இலைக்கட்டு ஏத்திட்டு வந்து கடைகளுக்குப் போடுறவரு. ஒரு கடைத்தெருவுல நிறுத்தி கட்ட இறக்கிட்டு காசு வாங்க உள்ள போயிருக்காரு, வெளிய வந்து பாத்தா சலான், அதுவும் ரெண்டாவது தடவைன்னு 1500. "வக்கீலய்யா, நான் என்னத்தக் கண்டேன், போர்டு மேலயே சடங்கு ஃபிளக்ஸ கட்டி வச்சிருக்கானுவ"ன்னாரு. நல்ல மனுசன், நம்மள மாதிரி படிச்சவங்க செய்யாதத செஞ்சிருந்தாரு. டிரைவர் சீட்டுலயே உக்காந்து, வந்த திசையப் பாத்து ஒரு போட்டோ. அதுல தெரியுறது என்னன்னா ஒரு பொண்ணு பட்டுப்பாவாடையில நிக்குது, மேல ரெண்டு கட்சித் தலைவர் படம், பக்கத்துல தாய்மாமன்மார் வரிசையா கூலிங்கிளாஸோட, ஃபிளக்ஸோட மேல் ஓரத்துல நீல வட்டத்தோட நகக்கண் அளவு மட்டும் எட்டிப் பாக்குது. அடுத்தது ஃபிளக்ஸுக்குப் பின்னால போயி போர்டு முழுசா தெரியுற மாதிரி ஒண்ணு, மூணாவது வண்டியும் கம்பமும் ஒரே ஃப்ரேம்ல. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

நீங்களும் அதயே செய்ங்க. ஓட்டுறவன் கண்ணு இருக்குற உயரத்துல இருந்து, ஓட்டி வந்த திசையில இருந்து எடுங்க, நின்னுக்கிட்டு மேல தூக்கி எடுத்தா போர்டு தெரிஞ்சிரும், கேஸ் போயிரும். ராத்திரின்னா ஃபிளாஷ் இல்லாம எடுங்க, தெருவிளக்கு எரியலன்னா அதையும் சேத்து. போர்டுல அம்புக்குறி இருக்கா, எங்க இருந்து எது வரைக்கும்னு தெரியுதா, ஒற்றப்படை நாள் ரெட்டப்படை நாள்னு எழுதியிருந்தா அந்த எழுத்து படிக்க வருதா பாருங்க. வெயில்ல வெளுத்து அந்த வரியே காணாமப் போன போர்டுகள் இருக்கு. செல்போன்ல லொக்கேஷன ஆன் பண்ணிக்கோங்க. அப்புறம் முக்கியமா அந்த ஒரிஜினல் ஃபைல அழிச்சுறாதீங்க, வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்புனா எடுத்த நேரம் இடம் எல்லாம் கழண்டுரும். 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய சாக்ஷிய அதிநியம்ங்கற புது சாட்சியச் சட்டம்தான் அமல்ல இருக்கு, அதோட 63வது பிரிவுல சொன்ன சான்றிதழ் இருந்தாத்தான் கோர்ட்ல டிஜிட்டல் போட்டோ நிக்கும், அதுக்கு போட்டோ எடுத்த போனும் ஃபைலும் கைல இருக்கணும். அன்னைக்கே எடுங்க, நாளைக்குப் போனா ஃபிளக்ஸ அவுத்திருப்பாங்க.

அடுத்து காசு. ஸ்பாட்லயே கட்டிட்டு அப்புறமா சண்ட போட்டுக்கலாம்னு நெனைக்கிறது பெரிய தப்புக் கணக்கு. நீங்க கட்டுறது 200வது பிரிவுப்படி குற்றத்த ஒத்துக்கிட்டு முடிச்சுக்கிற தொகை, கட்டுனா அந்த ஃபைல் மூடிரும், திரும்பத் திறக்க முடியாது, அடுத்த தடவைக்கு அது முதல் தடவையாவும் கணக்குல ஏறிரும். அந்த லோடு ஆட்டோக்காரருக்கு 1500 வந்ததே இப்படித்தான், முன்னாடி ஒரு தடவ சண்ட எதுக்குன்னு கட்டியிருந்தாரு. அதுக்காக போலீஸ்காரர்கிட்ட ரோட்டுல வாக்குவாதம் பண்ணச் சொல்லல, மரியாதையா "சலான் கொடுங்க சார், நான் கோர்ட்ல பாத்துக்கிறேன்"னு சொன்னா போதும். ரசீது இல்லாம ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க. கண்டுக்காம விட்டாலும் ஆகாது, இ-சலான் வெப்சைட்ல நிலுவைன்னு நின்னுக்கிட்டே இருக்கும், வண்டிய விக்கும்போது வந்து கழுத்தப் பிடிக்கும். சலான்ல என்ன கெடு போட்டிருக்கோ அதுக்குள்ள வேலைய ஆரம்பிங்க.

ஆரம்பிக்கிறதுன்னா முதல்ல ஒரு மனு. மாநகர எல்லைக்குள்ளன்னா போலீஸ் கமிஷனர் ஆபீஸ் டிராஃபிக் பிரிவு, வெளியன்னா எஸ்.பி. ஆபீஸ். சலான் நம்பர், வண்டி நம்பர், இடம், நேரம், போர்டு ஏன் தெரியல, போட்டோ இணைப்பு, ஒரு பக்கத்துக்குள்ள முடிங்க. அம்மாவுக்கு சுகர், பிள்ளைக்கு பரீட்சைன்னு எழுதாதீங்க. நேர்ல கொடுத்தா நகல்ல சீல் வாங்கிக்கோங்க, இல்லன்னா டெலிவரி ஆனதுக்கு ஒப்புகை வர்ற மாதிரி ஸ்பீட் போஸ்ட்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, அதான் ஆர்டிஐ, போடுங்க, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும். கேக்க வேண்டியது சின்னதுதான். இந்த இடத்த வாகனம் நிறுத்தக்கூடாத இடமா அறிவிச்ச உத்தரவோட நகல், போர்டு வச்ச தேதி, கடைசியா பராமரிச்ச தேதி. 30 நாளுக்குள்ள பதில் தரணும், வரலன்னா முதல் மேல்முறையீடு. பல நேரம் உத்தரவு இருக்கும், பிரச்சனை இல்லாம வந்துரும், அப்ப நம்ம கையில போர்டு தெரியலங்கற வாதம் மட்டும்தான் மிச்சம். உத்தரவே கிடைக்கலன்னு எழுத்துல பதில் வந்துச்சுன்னா கேஸோட முகமே மாறிரும்.

மனு எடுபடலன்னா கோர்ட்டு. சலான் ஆன்லைன்ல நடக்குற விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தா அதுல கட்டுறதுக்கு ஒண்ணு, வழக்கு நடத்த விரும்புறேங்கறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வழி இருக்கும், ரெண்டாவத அழுத்துனா ரெகுலர் கோர்ட்டுக்கு மாறி சம்மன் வரும். மாஜிஸ்திரேட் முன்னால நின்னதும் "குற்றத்த ஒத்துக்கிறீங்களா"ன்னு கேப்பாங்க, இங்கதான் நம்மாளுக பயத்துல தலைய ஆட்டிருவாங்க, கோர்ட்டுன்னாலே கை கட்டி நின்னு ஆமாங்கய்யான்னு சொல்லிப் பழகிட்டோம். "இல்லைங்க ஐயா, மறுக்கிறேன்"னு சொல்லுங்க. அப்புறம் சலான் போட்டவர் சாட்சிக் கூண்டுக்கு வந்து நிரூபிக்கணும். அவர்கிட்ட நான் கேக்குறது எல்லாம் சாதாரணக் கேள்விதான்: போர்டு எந்தத் திசையப் பாத்து இருந்துச்சு, வண்டிக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம், நீங்க எடுத்த போட்டோல வண்டியும் போர்டும் சேந்து தெரியுதா, அன்னைக்கு அது மேல ஏதாவது கட்டியிருந்துச்சா, எந்த உத்தரவுப்படி அது நோ பார்க்கிங். கோபப்பட்டுக் கேக்க வேண்டியதே இல்ல. சலான் போட்டோ பெரும்பாலும் நம்பர் பிளேட்ட மட்டும் குளோசப்ல காட்டும், போர்டு அதுல இருக்காது, அங்கயே பாதி தீந்துரும்.

வண்டிய தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா 127வது பிரிவு. சட்டப்படி நிறுத்தத் தடை உள்ள இடத்துல நின்னிருக்கணும், இல்ல பத்து மணி நேரத்துக்கு மேல ஆளில்லாம கிடந்திருக்கணும், அந்த எல்லைக்குரிய போலீஸ் அதிகாரி யூனிஃபார்ம்ல இருந்து அனுமதி கொடுத்திருக்கணும். டோயிங் வண்டிப் பையன் அவனா பாத்து கொக்கி மாட்டக்கூடாது. வண்டி வேணுமேன்னு கட்டித்தான் ஆகணும்ங்கற நிலைமைன்னா ஆட்சேபத்தோட கட்டுறேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு, டோயிங் சார்ஜுக்கும் ஃபைனுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்க.

500 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலான்னு கேட்டா, ஒரே ஒரு சலான்னா மனுவோட நிறுத்திக்கோங்க, மனு தள்ளுபடி ஆச்சுன்னா கட்டிட்டு பொழப்பப் பாருங்க, அதுல ஒரு மானக்கேடும் இல்ல. வக்கீல் ஃபீஸும் ஒரு நாள் கூலியும் அதவிட ஜாஸ்தி. ஆனா தினமும் அதே தெருவுக்கு வண்டி கொண்டு வர்றவங்க, லோடு ஆட்டோ, கூரியர், பால்வண்டி, இவங்களுக்கு 1500 மாத்தி மாத்தி வரும், அவங்க விடக்கூடாது. மனு போடும்போது அந்த ரோடு யாரோடதோ அவங்களுக்கும் ஒரு நகல் போடுங்க, போர்ட சரி பண்ணச் சொல்லி. மாநகராட்சியா நெடுஞ்சாலைத்துறையான்னு தெரியலன்னா ரெண்டு பேருக்கும் போடுங்க. இது எங்க பொறுப்பு இல்லைன்னு ஒருத்தர் இன்னொருத்தர கைகாட்டி ஒரு பதில் எழுதுனாங்கன்னு வைங்க, அத பத்திரமா வச்சுக்கோங்க, போர்ட பராமரிக்க ஆளே இல்லங்கறதுக்கு கோர்ட்ல அதுதான் நமக்கு எக்ஸிபிட்.