ரிப்போர்ட்ல மருந்து கம்மி, ஆனா மாமா தள்ளாடுறாரு

எங்க மாமாவுக்கு ரொம்ப வருஷமா ஃபிட்ஸ் மாத்திரை ஓடுது. ஃபெனிட்டாயின், ராத்திரி 300 மில்லிகிராம். சுகர் முத்தி கிட்னிய புடிச்சதுக்கப்புறம் கால் ரெண்டும் வீங்கி, யூரின் நுரை நுரையா போக ஆரம்பிச்சுது. அந்த சமயத்துல ரத்தத்துல மாத்திரை லெவல் எவ்வளவு இருக்குன்னு பாத்தாங்க, 8னு வந்துச்சு. லிட்டருக்கு 10ல இருந்து 20 மில்லிகிராம் வரைக்கும் இருக்கணும், அதனால லேப்ல பக்கத்துலயே "லோ"ன்னு அடிச்சு குடுத்துட்டாங்க. டோஸ் 400 ஆயிடுச்சு. ரெண்டு வாரத்துல மனுஷன் சுவத்த புடிச்சிக்கிட்டு நடக்குறாரு, நாக்கு குழறுது, ஓரமா பாத்தா கருவிழி தடதடன்னு ஆடுது. அத்தை என்னை தனியா கூப்பிட்டு "மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டாராடா"ன்னு கேட்டாங்க.

குடிக்கல, பாவம். மாத்திரை ஓவர்.

8னு ரிப்போர்ட் சொல்லும்போது எப்படி ஓவராகும்? ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, கல்லீரல்ல உருவாகுறது. அதை டவுன் பஸ்னு வெச்சுக்கோங்க. ஃபெனிட்டாயின் ரத்தத்துக்குள்ள போனதும் 100ல 90 பேர் பஸ்ல ஏறி உக்காந்துடுவாங்க, பாக்கி 10 பேர் தான் கீழ நடந்து போறவங்க. மூளைக்குள்ள போய் வேலை பாக்குறது அந்த 10 பேர் மட்டும் தான், பஸ்ல இருக்குறவங்களால நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல. ஆனா லேப்ல சாதாரணமா பண்ற டெஸ்ட் ரெண்டு பேரையும் சேத்து எண்ணித்தான் ஒரே நம்பரா குடுக்கும்.

மாமாவுக்கு ஆல்புமின் யூரின்ல ஒழுகிப் போயிடுச்சு. சாதாரணமா டெசிலிட்டருக்கு 3.5ல இருந்து 5 கிராம் இருக்கணும், அவருக்கு 2 தான். பஸ் பாதி இல்ல. நடந்து போறவங்க 100க்கு 10 இல்ல, சுமார் 20. 8ல 20 சதவீதம் 1.6. ஆல்புமின் ஒழுங்கா இருக்குற ஒருத்தருக்கு லெவல் 16 இருந்தா அவருக்கும் நடந்து போறது அதே 1.6 தான். அதாவது மாமாவோட 8, நல்ல உடம்புக்காரரோட 16க்கு சமம், டோஸ்ல கை வெச்சிருக்கவே கூடாது.

"அப்போ பஸ் குறைஞ்சா நடந்து போறவங்க கூட்டம் அதிகமாகி அதுலயே விஷமாயிடாதா"ன்னு கேப்பீங்க. நானும் படிக்கும்போது அப்படித்தான் நெனச்சேன், ஆனா கீழ எறங்கினவங்களை கல்லீரல் புடிச்சு வெளியேத்திக்கிட்டே இருக்கும், அதனால கொஞ்ச நாள்ல நடந்து போறவங்க எண்ணிக்கை பழைய அளவுக்கே வந்து நின்னுடும், குறையுறது மொத்தம் மட்டும் தான். மாமா அந்த நிலைமையில நல்லாத்தான் இருந்தாரு. நம்பரை பாத்து 100 கூட்டினது தான் வினை. இந்த மருந்துக்கு இன்னொரு கெட்ட குணம் வேற, ஒரு அளவுக்கு மேல கல்லீரலால அதை கழிக்க முடியாம திணறும், அதனால டோஸ் மூணுல ஒரு பங்கு ஏறினா ரத்தத்துல அளவு ரெண்டு மடங்கு கூட ஆயிடலாம்.

பஸ் கதை ஒரு பக்கம்னா தண்ணி கதை இன்னொரு பக்கம். திடீர்னு நாலு பேரு சாப்பிட வந்துட்டா ரசத்துல ஒரு சொம்பு தண்ணி ஊத்துவோம்ல, உப்பு அதே தான் ஆனா நாக்குல தெரியாது. ஜென்டாமைசின் ஊசி தண்ணியிலயே தங்குற மருந்து, செல்லுக்குள்ள அவ்வளவா போகாது. 60 கிலோ ஆளுக்கு அது பரவுற இடம் ஏறக்குறைய 15 லிட்டர், 300 மில்லிகிராம் போட்டா லிட்டருக்கு 20. அதே ஆளுக்கு லிவர் கெட்டுப்போய் வயித்துல 8 லிட்டர் தண்ணி கோத்திருந்தா 23 லிட்டர்ல பரவி 13க்கு எறங்கிடும். இந்த மருந்து கிருமிய அடிக்கிறதே அந்த உச்ச அளவை வெச்சுத்தான். கிருமி ரத்தத்துல பரவி ஐசியூல உடம்பு ஊதிப்போய் படுத்திருக்குறவங்களுக்கும் இதே பிரச்சனை, முதல் டோஸை தாராளமா போட சொல்றது அதனால தான்.

டிகாக்ஸின் இதுக்கு நேர் எதிர். இதய மருந்து, ரத்தத்துல நிக்கவே நிக்காது, போய் தசைகள்ல ஒட்டிக்கும். கணக்கு போட்டா 70 கிலோ ஆளுக்குள்ள 500 லிட்டர் இடத்துல பரவின மாதிரி வரும், 70 கிலோவுக்குள்ள 500 லிட்டர் எங்கடா இருக்குன்னு கேக்காதீங்க, ரத்தத்துல அவ்வளவு கொஞ்சமா இருக்குன்னு காட்டுற கணக்கு அது. கிட்னி செயலிழந்தா இப்படி ஒட்டிக்கிறது நல்லாவே குறைஞ்சிடும், அதனால முதல் டோஸையே குறைச்சுத்தான் குடுக்கணும்.

எனக்கு ரொம்ப புடிச்சது மூளைக்காய்ச்சல் தான். மூளைக்குள்ள சாதாரணமா பென்சிலினை விடவே மாட்டாங்க, வாசல்ல அவ்வளவு காவல். மூளை உறை வீங்கினதும் காவல் தளர்ந்து மருந்து உள்ள போகும், நோயே மருந்துக்கு கதவை தொறந்து விடுது. ஆளு தேறத் தேற கதவு திரும்ப மூடிக்கும். அதனால தான் எழுந்து உக்காந்து இட்லி சாப்பிடுற பேஷண்ட்டுக்கும் டாக்டர் டோஸை குறைக்காம கடைசி நாள் வரைக்கும் ஊசியிலயே போடுறாங்க, சொந்தக்காரங்க "இன்னும் எதுக்கு குத்துறீங்க"ன்னு சண்டைக்கு வந்தாலும்.

மாமா விஷயத்துக்கு வர்றேன். வேற ஒரு டாக்டர் ஆல்புமின் ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சு பாத்துட்டு ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்தி, திரும்ப 300க்கே கொண்டு வந்தாரு. கொஞ்ச நாள்ல தள்ளாட்டம் நின்னு தனியா டீக்கடை வரைக்கும் போயிட்டு வர ஆரம்பிச்சாரு, ஃபிட்ஸும் வரல. அடுத்த மாசம் லெவல் பாத்தப்போ மறுபடியும் 8, பக்கத்துல அதே "லோ". அத்தை அதை மடிச்சு ஃபைல்ல வெச்சிட்டாங்க.