ஆம்ஃபிபியன்: நீர்நில வாழ்வனவா, இருவாழ்வியா?

ஆம்ஃபிபியன் என்றால் என்ன என்று கேட்டால், "நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினம்" என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சரி, முதலை? நீரில் வேட்டையாடுகிறது, கரையில் வெயில் காய்கிறது. கடலாமை முட்டையிடக் கரையேறுகிறது. இரண்டும் ஊர்வன, ஆம்ஃபிபியன் அல்ல. பல்லி வடிவச் சாலமாண்டர் வகையான மெக்சிகோவின் ஆக்சலாட்டலோ செவுள்களை உதிர்க்காமல் ஆயுள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. அது அசல் ஆம்ஃபிபியன். விளக்கத்துக்கும் விலங்குக்கும் இடையே எங்கோ பிசகியிருக்கிறது. அது எங்கே, தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்கச் சொல்லின் பிறப்புக்குப் போக வேண்டும்.

கிரேக்கத்தில் 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும், இரண்டும். 'பியோஸ்' என்றால் வாழ்வு. சேர்த்தால் இருவகை வாழ்வு உடையது. நீர் என்றோ நிலம் என்றோ மூலச்சொல்லில் எதுவும் இல்லை. அது ஒரு வாழ்முறையைக் குறித்த பெயரடை; ஓர் உயிர்க்குழுவின் பெயராக அது பிறக்கவில்லை.

குழுப்பெயராக அதை நிலைநிறுத்தியவர் ஸ்வீடனின் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ். 1758இல் வந்த தன் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் 'ஆம்ஃபிபியா' என்ற வகுப்புக்குள் தவளை, பல்லி, பாம்பு, ஆமை, முதலை எல்லாவற்றையும் போட்டார். போதாதென்று சுறாவையும் திருக்கையையும் அதற்குள்ளேயே தள்ளினார். இந்தக் கூட்டத்தையே அருவருப்பானவை என்று திட்டியும் வைத்தார். தாவரங்களிடம் காட்டிய பொறுமையில் பாதியாவது தவளைகளிடம் காட்டியிருக்கலாம். அந்தக் கலவையின் மிச்சம் இன்றும் உண்டு: தவளையையும் பாம்பையும் ஹெர்பெட்டாலஜி என்ற ஒரே துறைதான் ஆராய்கிறது. 'ஹெர்பெட்டான்' என்றால் ஊர்வது. தாவிப் போகும் தவளை அதற்குள் இருப்பது பழைய உறவின் தயவால்தான்.

1800இல் பிரான்சின் அலெக்சாண்டர் பிரோஞ்யார் தவளை, சாலமாண்டர் கூட்டத்தைத் தனி வரிசையாக எடுத்து 'பட்ராக்கியா' என்று பெயரிட்டார். 'பட்ராக்கோஸ்' என்றால் கிரேக்கத்தில் தவளை. 1825இல் இன்னொரு பிரெஞ்சு விலங்கியலாளர் லாத்ரேய் ஊர்வனவற்றையும் ஆம்ஃபிபியாவையும் இரு வகுப்புகளாகப் பிரித்தார். செதிலற்ற ஈரத்தோல், அதன் வழியே மூச்சு, ஓடில்லாத முட்டை ஆகியவை அடையாளங்களாயின. இன்று உயிரோடிருக்கும் கூட்டத்துக்கு 'லிஸாம்ஃபிபியா' என்ற பெயரும் உண்டு. 'லிஸ்ஸோஸ்' என்றால் வழவழப்பு.

அந்தக் கூட்டத்தில் மூன்று கிளைகள். வாலில்லாத தவளைகள், வாலுள்ள சாலமாண்டர்கள், காலே இல்லாத சிசீலியன்கள். மொத்தம் 8,000க்கும் அதிகமான இனங்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது தவளைகளே. தமிழில் நாம் பிரித்துச் சொல்லும் தேரையும் இந்தக் கணக்கில் தவளைதான். சொரசொரத்த தோல் கொண்ட ஒரு குடும்பம், அவ்வளவே. சிசீலியனுக்கும் சிசிலித் தீவுக்கும் தொடர்பில்லை. லத்தீனில் 'கேகஸ்' என்றால் குருடு. மண்ணுக்குள் புழுப்போல நெளியும் இதை லின்னேயஸ் பாம்புகளோடு சேர்த்திருந்தார். ஆப்பிரிக்காவின் ஒரு சிசீலியன் தாய் தன் தோலின் மேலடுக்கைக் கொழுப்பேற்றித் தடிக்க வைக்கிறது. குஞ்சுகள் அதற்கென்றே உள்ள பற்களால் அந்தத் தோலைச் சுரண்டித் தின்று வளர்கின்றன.

எது எதற்கு உறவு என்று பேசும்போது இன்னொரு சொல் உள்ளே வருகிறது: ஃபைலோஜெனி, அதாவது உயிரினங்களின் பரிணாம உறவுமுறை. 1866இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஆக்கியது. 'ஃபைலான்' என்றால் குடி, குலம். 'ஜெனசிஸ்' என்றால் தோற்றம். தமிழில் இனவரலாறு என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வரலாறு என்றால் நடந்ததை வரிசையாகச் சொல்வது. ஃபைலோஜெனி கேட்பதோ யார் யாருக்கு உறவு, எந்தக் கணுவில் பிரிந்தார்கள் என்பதை. வம்சாவளிக்கு நம்மிடம் கொடிவழி என்ற நல்ல சொல் இருக்கிறது. கிளைப்பதும் படர்வதும் அதற்குள்ளேயே அடக்கம். இந்தக் கட்டுரையில் அதையே ஆள்கிறேன்.

கொடிவழி ஏன் வேண்டும்? கண் ஏமாற்றும். அமெரிக்கக் கண்டங்களின் மரத்தவளைக்கும் ஆசியாவின் மரத்தவளைக்கும் விரல் நுனியில் ஒட்டும் வட்டத் தட்டு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு கிளை. மரமேறும் பிழைப்பு தனித்தனியே ஒரே உறுப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆசிய மரத்தவளைக்கு அமெரிக்க மரத்தவளையைவிட நெருங்கிய சொந்தம் தரையில் தாவும் ராணிடே குடும்பத் தவளைகள்.

2003இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பொசுயட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அறிவித்த ஊதாத் தவளை இன்னும் நல்ல சான்று. ஊதிய உடல், கட்டைக் கால்கள், பொட்டுக் கண்கள், வெளுத்த கூர்மூக்கு. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கறையான் தின்று கிடந்துவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் இணைசேரச் சில நாள் மேலே வரும். அதன் தலைப்பிரட்டை உறிஞ்சும் வாயால் ஓடை நீரில் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். மரபணுவை வாசித்தபோது நெருங்கிய உறவினர் கிடைத்த இடம் பக்கத்து மலை அல்ல, இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகள். அங்கிருக்கும் சிறு தவளைகளுக்கு இதன் சாயலே கிடையாது. அந்தத் தீவுகளும் இந்திய நிலப்பரப்பும் ஒட்டியிருந்த காலத்து உறவு அது. உருவத்தை மட்டும் பார்த்தவர்கள் யாரும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

அப்புறம், கொடிவழி மாறினால் பெயரும் மாறும். 2006இல் அமெரிக்க ஆய்வாளர் டாரல் ஃபிராஸ்ட் குழு 500க்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டுப் பெரிய கிளைமரம் ஒன்றை வெளியிட்டது. அதன் விளைவாக, தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காணும் சாதாரணத் தேரை 'பூஃபோ' என்ற பேரினத்தை விட்டு 'தத்தாஃப்ரைனஸ்' ஆனது. பழைய நூல்களோடு வளர்ந்தவர்களுக்கு இது எரிச்சல்தான். ஆனாலும் தூரத்துச் சொந்தங்கள் ஒரே பேரினப் பெயரைச் சுமந்து திரிந்தது அதைவிடப் பெரிய குழப்பம். மூன்று கிளைகளில் தவளையும் சாலமாண்டரும் உடன்பிறப்பு, சிசீலியன் முன்பே பிரிந்தது என்பதை மரபணுச் சான்றுகள் பெரிதும் ஆதரிக்கின்றன. எந்தப் பழம்புதைவு மூதாதையிலிருந்து இவை கிளைத்தன என்பதில் மட்டும் தொல்லுயிர் ஆய்வாளர்கள் இன்னும் கட்சி கட்டி நிற்கிறார்கள்.

இனித் தமிழ்ச்சொல். புழக்கத்தில் இருப்பவை நீர்நில வாழ்வன, ஈரூடகவாழி, இருவாழ்வி. முதலாவது மூலத்தில் இல்லாத இரண்டு இடங்களைச் சொல்லி முதலையையும் உள்ளே அழைக்கிறது. பன்மையாகவே நிற்பதால் ஒரே ஒரு தவளையைச் சுட்டவும் சங்கடம். 'ஒரு நீர்நில வாழ்வன' என்று எழுத முடியுமா? ஈரூடகவாழி இலங்கைப் பாடநூல்களில் நன்கு பழகிய சொல், இலக்கணமும் சுத்தம். ஆனால் ஊடகம் என்றாலே செய்தித்தாளும் தொலைக்காட்சியும் என்று பொருள் பழகிவிட்ட வாசகர் ஒரு நொடி தடுக்கி விழுவார்.

இருவாழ்வி கிரேக்கச் சொல்லுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஒருமை, பன்மை, வேற்றுமை உருபு எதையும் ஏற்கிறது. இருவாழ்வியல் என்று துறைப்பெயரும் ஆகிறது. குறை இல்லாமல் இல்லை. இலையிலோ ஈரமண்ணிலோ முட்டையிட்டு, தலைப்பிரட்டைப் பருவமே நீரில் கழியாமல் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும் இனங்கள் ஏராளம். அவற்றுக்கு எங்கே இரண்டு வாழ்வு? ஆனால் அந்தக் குறை கிரேக்கப் பெயருக்கும் உண்டு. இன்று அது வாழ்முறையைச் சொல்லும் சொல்லாக இல்லை, ஒரு குலத்தின் பெயர். அந்தக் குலத்தில் பிறந்ததால் ஆக்சலாட்டல் இருவாழ்வி, பிறக்காததால் முதலை இல்லை.

நீர்நில என்ற முன்னொட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஆற்றிலும் சாலையிலும் ஓடும் வண்டியை நீர்நில ஊர்தி என்று எழுதினால் கச்சிதம். அங்கே சொல்ல வேண்டியது போகும் இடத்தைத்தான்.