நிறுவிய திருத்தம் வேறு, இயங்கும் திருத்தம் வேறு

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன்: "எல்லா அப்டேட்டும் போட்டுத்தான் வைத்திருந்தோம், சார்." லினக்ஸ் சர்வர்களில் ஊடுருவல் நடந்த பிறகு, எங்கே கோட்டை விட்டோம் என்று ஆராய்வது என் பணியின் ஒரு பகுதி. கடந்த மாதம் என்னை அழைத்த நிறுவனத்தின் நிர்வாகி பொய் சொல்லவில்லை. பதிவுகளைத் திறந்து காட்டினார். வாரம் தவறாமல் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவப்பட்டிருந்தன. ஊடுருவியவர் பயன்படுத்திய, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த ஓட்டைக்கான திருத்தமும் ஐந்து மாதங்களுக்கு முன்பே வந்து இறங்கியிருந்தது. ஆனால் சர்வர் நிறுத்தாமல் ஓடிய காலத்தைக் காட்டும் 'அப்டைம்' கட்டளையைத் தட்டியதும் திரையில் 431 நாட்கள் என்று வந்தது. கெர்னல் கோப்புகள் இருக்கும் 'பூட்' அடைவில் இரண்டு புதிய கெர்னல்கள் காத்துக் கிடக்க, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது பதினான்கு மாதங்களுக்கு முந்தைய கெர்னல். கோப்பு பதிவேற்றும் படிவத்தின் பலவீனம் வழியே வெப்சர்வரின் சாதாரணப் பயனராக நுழைந்தவர், அந்தப் பழைய கெர்னலின் தயவில் சில நிமிடங்களில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் ஆகிவிட்டார்.

அப்டேட் கட்டளை பிழையின்றி முடிந்துவிட்டால் ஓட்டை அடைபட்டுவிட்டது என்ற நம்பிக்கை எப்படி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கட்டளை செய்வது வட்டில் இருக்கும் கோப்புகளை மாற்றுவது மட்டுமே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தான் தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய நிரல்வரிகளோடுதான் தொடர்ந்து ஓடும். லினக்ஸில் ஒரு லைப்ரரிக் கோப்பு (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) மாற்றப்படும்போது பழைய கோப்பின் பெயர் அடைவிலிருந்து நீங்குகிறதே தவிர, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடைசி நிரல் விடும்வரை அதன் உள்ளடக்கம் அழிவதில்லை. ஐயம் இருந்தால் அப்டேட் முடிந்த கையோடு, சேவைகள் எதையும் மறுதொடக்கம் செய்யாமல், எந்த நிரல் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' கருவியை ரூட்டாக இயக்கிப் பாருங்கள். வெப்சர்வர், மெயில் சர்வர், டேட்டாபேஸ் என்று நீங்கள் நம்பியிருக்கும் நிரல்களின் வரிகளில், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பெயருக்கு அருகே, அது நீக்கப்பட்ட கோப்பு என்ற குறிப்பு நிற்கும். வட்டில் இல்லாத அந்தப் பழைய லைப்ரரிதான் அந்த நொடியில் உங்கள் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கையாண்டுகொண்டிருக்கிறது.

2014 ஏப்ரலில் அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது இதன் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை கசியவிட்ட ஓட்டை அது. லைப்ரரியைப் புதுப்பித்துவிட்டு வெப்சர்வரை மறுதொடக்கம் செய்யாதவரின் சர்வர் தொடர்ந்து கசிந்துகொண்டுதான் இருக்கும். மறுதொடக்கம் செய்தவரும் அதோடு நிற்க முடியாது. அதற்குள் மறையாக்கத்துக்கான ரகசியத் தனிச்சாவி கசிந்திருக்கலாம் என்பதால் சாவியையும் சான்றிதழையும் மாற்றியாக வேண்டும்.

எல்லாத் திருத்தத்துக்கும் ரீபூட், அதாவது சர்வரையே மறுதொடக்கம் செய்வது, தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 2022 ஜனவரியில் வெளியான 'ப்வன்கிட்' ஓட்டை, 2009 முதலே 'பிகேஎக்ஸெக்' என்ற சிறு நிரலில் இருந்தது. அந்த நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாக அழைக்கப்படுவதால், திருத்தம் நிறுவிய கணமே நடைமுறைக்கு வந்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரி என்றால் அதைப் பயன்படுத்தும் சேவைகள் அனைத்தையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி என்றால், ஏறத்தாழ எல்லா நிரல்களும் அதைச் சார்ந்திருப்பதால், ரீபூட் செய்வதே சுருக்கமான வழி. கெர்னல் என்றால் பேச்சே இல்லை. அதே 2022 மார்ச்சில் மேக்ஸ் கெல்லர்மேன் வெளியிட்ட 'டர்ட்டி பைப்' ஓட்டை, படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தைச் சாதாரணப் பயனரும் மாற்றிவிட வழிசெய்தது. புதிய கெர்னலை நிறுவியபின் ரீபூட் செய்யாத சர்வர், திருத்தமே போடாத சர்வருக்குச் சமம். லைவ்பேட்ச் வசதி ஓடும் கெர்னலையே திருத்தும் என்பது உண்மைதான்; ஆனால் அது கெர்னலின் எல்லாத் திருத்தங்களையும் உள்ளடக்காது, லைப்ரரிகளை ஒன்றும் செய்யாது. ரீபூட்டை வசதியான நேரத்துக்குத் தள்ளிவைக்க உதவும், அவ்வளவே.

தானியங்கி அப்டேட்டை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு இரண்டிலும் உள்ள 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்', நீங்கள் அமைப்பை மாற்றாதவரை, தானாக ரீபூட் செய்வதில்லை. ரீபூட் தேவைப்படும்போது உபுண்டு 'ரீபூட்-ரெக்வயர்ட்' என்ற சிறு கோப்பை உருவாக்கி வைக்கிறது. லாகின் செய்யும்போது அறிவிப்பும் காட்டுகிறது. அந்த அறிவிப்பை மாதக்கணக்கில் தாண்டிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்டெய்னர்களில், அதாவது நிரலும் அதன் லைப்ரரிகளும் சேர்ந்த தனிப் பொதிகளில், ஓடும் நிரல்களுக்கு அவற்றைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வரின் லைப்ரரி அப்டேட் போய்ச் சேராது என்பதையும் மறக்க வேண்டாம். கண்டெய்னரின் அச்சான இமேஜைப் புதிதாகக் கட்டி, கண்டெய்னரை மாற்ற வேண்டும்.

இன்னொரு வகையினர், அப்டேட் கட்டளை கொடுத்தால் புதிதாக எதுவும் இல்லை என்று வருவதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. அந்த இயங்குதளத்தில் திருத்தம் எதுவும் வராததற்குக் காரணம் ஓட்டை இல்லாதது அல்ல, அடைப்பதற்கு ஆள் இல்லாதது. உங்கள் பதிப்புக்கு எந்தத் தேதி வரை திருத்தம் வரும் என்று இன்றே பாருங்கள். மறுபுறம், பதிப்பு எண் பழையதாக இருக்கிறதே என்று பதறி, இணையத்திலிருந்து மூலநிரலை இறக்கித் தாமே கட்டி நிறுவுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டெபியன், ரெட்ஹேட் போன்றவை பதிப்பு எண்ணை மாற்றாமல் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்த்துத் தருகின்றன; தொகுப்பின் மாற்றப் பதிவில் ஓட்டையின் அடையாள எண்ணான சிவிஇ எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கையால் கட்டியதற்கு அடுத்த திருத்தத்தை நீங்களேதான் தேடி எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. அப்டேட் முடிந்ததும் டெபியன் வகைகளில் 'நீட்ரீஸ்டார்ட்', ரெட்ஹேட் வகைகளில் 'நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங்' கருவியை இயக்குங்கள். மறுதொடக்கம் தேவைப்படுபவை என்று அவை காட்டும் பட்டியலைப் படிக்காமல் எஸ்கேப் அழுத்தாதீர்கள். 'பூட்' பகிர்வில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அது நிரம்பிவிட்டால் புதிய கெர்னல் பாதியில் நிற்கும். மாதம் ஒரு நாளை ரீபூட்டுக்கென்று ஒதுக்கி எழுத்தில் அறிவியுங்கள். ரீபூட் ஆனபின் 'யூநேம் -ஆர்' காட்டும், ஓடும் கெர்னலின் எண்ணை, நிறுவப்பட்டிருக்கும் கெர்னல்களில் புதியதன் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நீண்ட அப்டைம் பெருமைக்குரியது என்ற எண்ணம் நம் தொழிலில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெருமைக்குப் பின்னால், சர்வர் திரும்ப எழுந்துவராவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் ஒளிந்திருப்பதையே பெரும்பாலும் காண்கிறேன். அச்சம் நியாயமானதுதான். அதனால்தான் நீண்ட நாள் நிறுத்தாமல் ஓடிய சர்வரை, அப்டேட் போடுவதற்கு முன்பே ஒருமுறை ரீபூட் செய்யச் சொல்கிறேன். ஏதேனும் எழாமல் போனால் அது பழைய குறை, திருத்தத்தால் வந்ததல்ல என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஊடுருவப்பட்ட சர்வரை அந்த நிறுவனம் முழுவதுமாக அழித்துப் புதிதாக நிறுவியது. மீதமிருந்த ஏழு சர்வர்களையும் ஒரே இரவில், ஒன்றன்பின் ஒன்றாக, நானும் அந்த நிர்வாகியும் உடனிருந்து ரீபூட் செய்தோம். ஆறு தாமாகவே எழுந்தன. ஏழாவதில் டேட்டாபேஸ் வரவில்லை. யாரோ என்றைக்கோ கையால் தொடங்கிவிட்டு, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், ரீபூட்டில் தானாக எழும்படி 'எனேபிள்' செய்யாமல் விட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்து, இன்னொரு முறை ரீபூட் செய்து பார்க்க எங்களுக்கு இருபது நிமிடம் ஆயிற்று.