வாங்கிய பாடல் கணினிக்கு வருகிறது, செயலி ஏன் வருவதில்லை?

கைபேசியில் பணம் கொடுத்து வாங்கிய பாடல்களையும் செயலிகளையும் புதிய கணினிக்கு மாற்ற முனைபவர், இரண்டும் ஒரே கணக்கின் வழியே வாங்கப்பட்டவை என்பதால் ஒரே வழியில் இடம்பெயரும் என்றே எதிர்பார்ப்பார். ஆனால் பாடல்கள் பெரும்பாலும் முழுமையாக வந்து சேர்கின்றன; செயலிகள் வருவதில்லை, எப்படியாவது கொண்டுவந்தாலும் திறப்பதில்லை. பணம் செலுத்தியபோது நமக்குக் கிடைத்தது ஒரு கோப்பா, அல்லது ஒரு கோப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமா என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு அமைகிறது.

பாடல்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் கட்டுண்டு கிடந்தன. 2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் நிறுவனம் தன் இணைய இசைக் கடையைத் திறந்தபோது, அங்கு விற்ற பாடல்கள் ஃபேர்பிளே என்ற பூட்டுடன் வந்தன. பாடலின் ஒலித்தரவு முதலில் ஒரு முதன்மைச் சாவியால் குறியாக்கம் செய்யப்படும். அந்த முதன்மைச் சாவி, வாங்கியவருக்கென்று உருவாக்கப்பட்ட மற்றொரு சாவியால் பூட்டப்பட்டு அதே கோப்புக்குள் வைக்கப்படும். எனவே கோப்பை யாரும் நகலெடுக்கலாம், ஆனால் வாங்கியவரின் சாவி இல்லாத கணினியில் அது ஒலிக்காது. புதிய கணினியில் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதி கோரும்போது, அந்தக் கணினிக்குரிய தனி அடையாளம் ஒன்று நிறுவனத்தின் சர்வருக்குச் செல்லும். சர்வர் அதைப் பதிவு செய்துகொண்டு சாவியை அனுப்பும். இவ்வாறு அனுமதி பெறக்கூடிய கணினிகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் 3 ஆக இருந்து, 2004இல் 5 ஆனது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் சர்வரில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தான் முன்பு நடத்திய இசைக் கடையின் சாவி வழங்கும் சர்வர்களை 2008 ஆகஸ்டு இறுதியுடன் நிறுத்தப்போவதாக அந்த ஆண்டு ஏப்ரலில் அறிவித்தது. அதன் பிறகு கணினியை மாற்றுபவர்கள், முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய பாடல்களையே கேட்க முடியாமல் போகும் என்ற நிலை ஏற்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அந்தக் கெடு 2011இன் இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டது.

இசை நிறுவனங்கள் மெல்ல மனம் மாறின. 2007இல் இஎம்ஐ நிறுவனத்தின் பாடல்கள் ஆப்பிளின் கடையில் பூட்டின்றி விற்பனைக்கு வந்தன. நொடிக்கு 128 கிலோபிட் என்றிருந்த ஒலித்தரமும் அவற்றுக்கு 256 கிலோபிட்டாக உயர்ந்தது. 2009இல் அந்தக் கடையின் பாடல்கள் அனைத்தும் பூட்டில்லாதவை ஆயின. இன்று பாடலை விலைக்கு விற்கும் கடைகள் பொதுவாகத் தருவது, எந்தக் கணினியிலும் ஒலிக்கக்கூடிய சாதாரண ஏஏசி அல்லது எம்பி3 கோப்பைத்தான். பூட்டு நீங்கினாலும் அடையாளம் நீங்கிவிடவில்லை: ஆப்பிளின் கடையில் வாங்கிய பாடற்கோப்புக்குள் வாங்கியவரின் பெயரும் கணக்கு விவரமும் எழுதப்பட்டிருக்கும். கணினியை மாற்றுபவருக்கு இதனால் எந்த இடையூறும் இல்லை. கோப்பைப் பிறருக்குக் கொடுக்க நினைப்பவர்தான் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பூட்டே இல்லாதபோது, கைபேசியைக் கம்பியால் இணைத்தவுடன் பாடல்களை இழுத்துக் கணினியில் போட முடிய வேண்டும் அல்லவா? ஆண்ட்ராய்டு கைபேசியில் கடையிலிருந்து இறக்கிய எம்பி3 கோப்புகளைப் பொறுத்தவரை ஏறத்தாழ அப்படியே செய்யலாம். அவை கோப்புறைகளாகக் கணினித் திரையில் தெரியும். ஐபோன் அப்படித் திறந்து காட்டுவதில்லை. ஐபாட் காலத்திலிருந்தே ஆப்பிள் கருவிகளில் பாடல்கள் எஃப்00, எஃப்01 என எண்ணிட்ட கோப்புறைகளில் சிதறடிக்கப்பட்டு, பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களுடன் சேமிக்கப்பட்டு வந்தன. எந்தக் கோப்பு எந்தப் பாடல் என்ற விவரம் தனியே ஒரு தரவுத்தளத்தில் இருக்கும்.

இதைவிடக் குழப்பம் தருவது ஒத்திசைவின் திசை. கணினியில் பாடல்களை நிர்வகித்து ஆப்பிள் கருவிகளுடன் இணைக்கும் ஐடியூன்ஸ் மென்பொருளைப் பொறுத்தவரை கணினியில் உள்ள இசைத் தொகுப்பே மூலம், கைபேசியில் இருப்பது அதன் நகல். ஒரு கைபேசி ஒரு நேரத்தில் ஒரேயொரு தொகுப்புடன் மட்டுமே பிணைந்திருக்கும். புதிய கணினியின் வெறுமையான தொகுப்புடன் இணைத்தால், கைபேசியில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஒத்திசைக்கலாமா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் சம்மதம் தெரிவித்தவர், வெறுமையைத்தான் கைபேசிக்கு நகலெடுத்திருப்பார். இந்த ஒருவழிப் பாதைக்கு விதிவிலக்காகவே ஐடியூன்ஸில் ‘வாங்கியவற்றை மாற்று’ என்ற பொருள்படும் கட்டளை வைக்கப்பட்டது. கணினிக்கு அனுமதி வழங்கிய பின் அதைத் தேர்ந்தெடுத்தால், கடையில் வாங்கியவை மட்டும் கைபேசியிலிருந்து கணினிக்கு வரும். குறுந்தட்டுகளிலிருந்து நாமே பதிவேற்றிய பாடல்களை அது தொடாது. வாங்கிய பாடலைக் கணக்கின் வழியே மீண்டும் இறக்கிக்கொள்ளவும் முடியும். எனினும் உரிமையாளர் ஒரு பாடலைக் கடையிலிருந்து விலக்கிக்கொண்டால் அந்த வழி அடைபட்டுவிடலாம் என்பதால், கோப்பாகவே ஒரு நகல் வைத்திருப்பது நல்லது.

மாதச் சந்தாவில் கேட்கும் பாடல்களை இவற்றுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. பதிவிறக்கம் என்ற பெயரில் கைபேசியில் சேர்வது, பழைய முறைப்படியே பூட்டப்பட்ட கோப்பு. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் சந்தா நடப்பில் உள்ளதா என்று 30 நாள்களுக்கு ஒருமுறையாவது இணையம் வழியே சரிபார்க்கின்றன. அவற்றைக் கணினிக்கு நகர்த்துவது என்ற பேச்சே எழாது. புதிய கணினியில் உள்நுழைந்து மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செயலியின் கதை வேறு. பாடல் வெறும் தரவு. செயலியோ, குறிப்பிட்ட இயங்குதளத்துக்கும் குறிப்பிட்ட சில்லு வகைக்கும் எழுதப்பட்ட நிரல். ஐபோன் செயலி ஐபிஏ என்ற பொதியாக வருகிறது. அப்பொதி சாதாரணமான சுருக்கக் கோப்புதான்; படங்களையும் எழுத்துருக்களையும் யாரும் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் உள்ளே இயங்கும் நிரல் மட்டும் ஃபேர்பிளேயால் பூட்டப்பட்டிருக்கும். மேலும் 2015 முதல், ஒரே செயலியின் வெவ்வேறு வடிவங்களைத் தயாரித்து, கேட்கும் கருவிக்குப் பொருந்தும் பகுதிகளை மட்டும் கடை அனுப்புகிறது. ஆண்ட்ராய்டிலும் இதே போக்குத்தான்: 2021 ஆகஸ்டு முதல் கூகுள் பிளேயில் புதிதாக வெளியிடப்படும் செயலிகள் பகுதி பகுதியாகப் பிரித்து வழங்கத்தக்க பொதிகளாகவே ஏற்கப்படுகின்றன. ஆகவே கைபேசியிலிருந்து பெயர்த்தெடுத்த செயலி, அந்தக் கைபேசியின் அளவுக்குத் தைத்த சட்டை போன்றது.

முன்பு கணினியிலும் செயலிகளின் நகல்கள் சேமிக்கப்பட்டன. அவை அங்கே இயங்கியதில்லை. கைபேசிக்குத் திருப்பி அனுப்பவே வைக்கப்பட்டிருந்தன. 2017இல் ஐடியூன்ஸின் 12.7ஆம் பதிப்பு அந்த வசதியையும் நீக்கியது. அதற்குப் பெரிய இழப்புணர்வு தேவையில்லை என்பதே என் கருத்து: செயலிக்குக் கொடுத்த பணத்துக்குச் சான்று கணக்கில் பதிவாகியிருக்கிறது, அதே கணக்கில் நுழையும் அதே வகைக் கருவிக்குக் கடை அதை மீண்டும் இலவசமாகவே தரும். கணினியில் நேரடியாக இயக்கும் வாய்ப்பு ஓரளவே உண்டு. 2020 நவம்பரில் வந்த எம்1 சில்லு, கைபேசிச் சில்லுகளின் அதே கட்டளைத் தொகுப்பைக் கொண்டிருந்ததால், அத்தகைய மேக் கணினிகளில் பல ஐபோன் செயலிகள் இயங்குகின்றன. ஆனால் செயலியை உருவாக்கியவர் மறுத்தால் இயங்காது. விண்டோஸ் 11இல் ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் கைவிட்டது.

உண்மையில் காப்பாற்ற வேண்டியது செயலியை அல்ல, அதற்குள் நாம் சேர்த்து வைத்ததை. ஐபோனைக் கணினியில் காப்பு எடுக்கும்போது செயலிகளும் வாங்கிய பாடல்களும் அதில் சேர்க்கப்படுவதில்லை. அவற்றைக் கடையிலிருந்து மீண்டும் பெறலாம் என்பதால், குறிப்புகள், அமைப்புகள், செயலிகளின் தரவு போன்றவையே நகலெடுக்கப்படுகின்றன. காப்புக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் 40 எழுத்துகளாலான புரியாத பெயர்களே தென்படும். ஒவ்வொரு கோப்பின் இருப்பிடத்தையும் பெயரையும் ஷா-1 என்ற கணக்கீட்டில் இட்டுப் பெறப்பட்ட பெயர்கள் அவை. இந்தக் காப்புக்குக் கடவுச்சொல் வைப்பது முக்கியம். வைக்காவிட்டால், கைபேசியில் சேமித்த கடவுச்சொற்களை வேறொரு கைபேசியில் மீட்டெடுக்க முடியாது. உடல்நலத் தரவும் காப்பில் சேராது. கடவுச்சொல் வைத்தாலும், இந்தக் கருவியை விட்டு வெளியேறக் கூடாது என்று குறிக்கப்பட்ட இரகசியச் சாவிகளை வேறொரு கைபேசியில் மீட்டெடுக்க முடியாது. வங்கிச் செயலிகள் புதிய கைபேசியில் மறுபடி சரிபார்ப்புக் கேட்பதற்கு இது ஒரு காரணம். செயலிக்குள்ளே வாங்கியவற்றில் நிலையானவை, ‘மீட்டெடு’ பொத்தானை அழுத்தினால் கணக்கிலிருந்து திரும்பும். செலவழிந்துபோன விளையாட்டு நாணயங்கள் திரும்பா.

பழைய கணினியை விற்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது. அதற்குக் கொடுத்த அனுமதியை அதே கணினியிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும். வட்டை அழிப்பதால் மட்டும் சர்வரில் உள்ள பதிவு நீங்காது, 5 இடங்களில் ஒன்று வீணே நிரம்பியிருக்கும். கணினி கைவிட்டுப் போயிருந்தால், எல்லாக் கணினிகளின் அனுமதியையும் ஒரேயடியாக நீக்கும் வசதி கணக்கில் உண்டு. அதை ஆண்டுக்கு ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அதன் பிறகு, கையில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் புதிதாக அனுமதி வழங்க வேண்டும்.