தண்ணி சொன்ன பேச்சு கேக்காது: மொட்டமாடியில ஒரு பாண்டி–விழுப்புரம் ஸ்டீம் வண்டி

பாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல 1879ல போட்ட லைன் மீட்டர் கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர்), அத அகலப்பாதையா மாத்தினது 2000க்கு அப்புறம்தான். மாடல் செய்யறவங்களுக்கு இந்த மீட்டர் கேஜ் பெரிய வசதி. 45 மில்லிமீட்டர் இடைவெளி வெச்ச மாடல் தண்டவாளத்த எடுத்து, 22.5ல ஒரு பங்குன்னு ஸ்கேல் வெச்சுக்கிட்டா 1000 மில்லிமீட்டர் பாதை கச்சிதமா அதுல உக்காந்துக்கும். தெற்கு ரயில்வேல ஓடுன ஒய்.பி எஞ்சினோட (மீட்டர் கேஜ் பயணி வண்டி இழுத்த ஸ்டீம் எஞ்சின் ரகம்) பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர், மாடல்ல 61. வெறும் வகுத்தல் கணக்கு. பித்தளை, மரம், பெயின்ட் எல்லாம் இந்த கணக்குக்கு கட்டுப்படும், ஆனா தண்ணி, நெருப்பு, புவியீர்ப்பு மூணும் கட்டுப்படாது, நெஜமாவே ஆவியில ஓடுற மாடல் செய்யறவங்க படற பாடு பூரா இந்த மூணாலதான்.

மொதல்ல பாய்லர். நீளம் 22.5 மடங்கு கொறைஞ்சா பரப்பு 506 மடங்கு கொறையும், கொள்ளளவு 11,390 மடங்கு கொறையும். அதாவது உள்ள இருக்குற தண்ணியோட ஒப்பிட்டா வெளித்தோல் 22.5 மடங்கு அதிகம், சூடு அந்த தோல் வழியாத்தான் ஓடும். கல்யாண வீட்டு அண்டா சாம்பார் பந்தி முடியறவரைக்கும் சுடும், கிண்ணத்துல ஊத்தினது இலைக்கு வர்றதுக்குள்ள ஆறிடும், அதே கதைதான். போதாததுக்கு ஒரு கிலோ தண்ணிய 30 டிகிரில இருந்து 100க்கு கொண்டுவர 293 கிலோஜூல் போதும், அத ஆவியாக்க இன்னும் 2257 வேணும், ஏழரை மடங்குக்கு மேல. அதனால பாய்லர சுத்தி மெல்லிசா சூடு தாங்குற துணியோ மரப்பட்டையோ கட்டி, அதுக்கு மேல பித்தளை தகடு போத்துவாங்க. கரி போட்டு எரிக்கிறதும் உண்டு, ஆனா இந்த சைஸுல பியூட்டேன் கேஸ்தான் நிம்மதி.

சின்னதா இருக்கறதுல ஒரு லாபமும் இருக்கு. ஒரே பிரஷருக்கு, குழாயோட விட்டம் கொறைய கொறைய சுவர்ல விழுற இழுவையும் கொறையும். 50 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம், இந்த மாதிரி செம்புக் குழாய்க்கு 3 பார் பிரஷர் ஒரு விஷயமே இல்ல (நெஜ ஒய்.பி 14 பாருக்கு மேல). பலவீனம் உலோகத்த உருக்கி ஒட்டுன மூட்டுலதான். ஒட்டறதுக்கு போடற சாதா ஈயப் பத்தாசு (சால்டர்) 183 டிகிரியில உருகிடும், 3 பார்ல ஆவியே 144 டிகிரி, தண்ணி வத்திப்போய் நெருப்பு மட்டும் எரிஞ்சா ஈயம் வழிஞ்சு மூட்டு வாய பொளந்துடும். அதான் 600 டிகிரிக்கு மேல உருகுற வெள்ளிப் பத்தாசு போடணும்னு சொல்றது, இதுல சிக்கனம் பாக்கக்கூடாது. டெஸ்ட் பண்றப்பவும் உள்ள காத்து இல்லாம தண்ணிய முழுசா ரொப்பி, ஓட்டற பிரஷரப்போல ரெண்டு மடங்கு ஏத்திப் பாப்பாங்க. தண்ணி அமுங்காது, அதனால மூட்டு விட்டாலும் கசிஞ்சு நின்னுடும், காத்து அமுங்கி இருந்தா வெடிக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச எடம், வால்வு. வழவழன்னு தேச்ச ஒரு தட்டையான முகத்துல மூணு ஓட்டை, ஓரத்து ரெண்டும் சிலிண்டரோட ரெண்டு முனைக்கு போகும், நடு ஓட்டை புகைபோக்கிக்கு. அதுமேல அடிப்பக்கம் குழிவான ஒரு குட்டி பித்தளை கட்டை முன்னும் பின்னும் நகரும். ஒரு ஓரத்து ஓட்டை தெறந்தா அது வழியா புது ஆவி உள்ள போய் பிஸ்டன தள்ளும், அதே நேரம் இன்னொரு ஓட்டையும் நடு ஓட்டையும் அந்த குழிக்கு அடியில மாட்டிக்கிட்டு பழைய ஆவி வெளிய போயிடும். கட்டைய அமுக்கி பிடிக்க ஸ்பிரிங் கூட தேவையில்ல, மேல இருக்குற ஆவியோட பிரஷரே அமுக்கிக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் இருந்தா பிஸ்டன் கடைசி முனையில நிக்கிறப்ப வண்டி கெளம்பாது, அதுக்குத்தான் ரெண்டு பக்கத்து கிராங்கையும் (பிஸ்டன் தள்றத சக்கரத்தோட சுத்தலா மாத்துற கை) 90 டிகிரி தள்ளி வெக்கிறது, இதனாலதான் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு 'குப்'பு.

எண்ணெய் போடற டப்பாவும் கில்லாடி. ஆவிக் குழாய்ல ஊசி நுழையற அளவு ஓட்டை, அது பக்கத்துல எண்ணெய் நெறஞ்ச குட்டி டப்பா. ஆவி உள்ள போய் தண்ணியா மாறும், தண்ணி எண்ணெய்ய விட கனம், அடியில போய் உக்காரும், அந்த அளவு எண்ணெய் மேல பொங்கி குழாய்க்குள்ள போயிடும். மோட்டார் கெடையாது, பம்ப் கெடையாது. ஓட்டி முடிச்சதும் அடி ஸ்க்ரூவ தெறந்து தண்ணிய வடிச்சா போதும்.

தண்ணியும் சும்மா ஊத்தக்கூடாது, கடலோர போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, பாய்லருக்குள்ள படிஞ்சு சூட்ட தடுத்துடும். ஐப்பசி கார்த்திகையில மொட்டமாடியில புடிச்ச மழைத்தண்ணிய வடிகட்டி வெச்சுக்கிட்டா வருஷம் பூரா காணும். இன்னொண்ணு, சித்திரை வெயில்ல ஓட்டிட்டு வெள்ளப் புகையே வரலன்னு பொலம்பாதீங்க, நாம பாக்குற வெள்ளை ஆவி இல்ல, அது குளிர்ந்து மாறுன தண்ணித்துளி. மார்கழி காலையில ஓட்டிப் பாருங்க, அள்ளிக்கிட்டு வரும்.

இனி வண்டிய சுத்தி நாம செய்யற மாடல் ஊருக்கு வருவோம். தண்டவாளத்துக்கு அடியில கெடக்குற ஜல்லி சுமாரா 50 மில்லிமீட்டர், நம்ம ஸ்கேலுக்கு 2.2. கடலூர் சில்வர் பீச்ல இருந்து மணல் அள்ளிட்டு வர்றவங்க உண்டு, வேணாம். அதுல உப்பு இருக்கு, ஈரத்த இழுக்கும், கருப்பா மின்னுற துகள்ல இரும்புத் தாது இருந்தா கரன்ட்ல ஓடுற எஞ்சினோட மோட்டார் காந்தத்துல போய் அப்பிக்கும், அதுவுமில்லாம மணல் உருண்டையா இருக்கும், ஜல்லி முனை முனையா இருக்கணும். வீடு கட்டற எடத்துல எம் சாண்ட் ஒரு பை வாங்கி சலிச்சுக்குங்க, அது கல்ல ஒடச்சே செஞ்சது. மேல ஃபெவிகால பாதிக்கு பாதி தண்ணி கலந்து விட்டா முத்து முத்தா நிக்கும், உள்ள எறங்காது, பரப்பு இழுவிசைதான் காரணம், பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டா சட்டுனு எறங்கிடும்.

அதே இழுவிசைதான் மாடல் ஆத்துல நெஜத் தண்ணி விட்டா கெடுக்கும், ஓரமெல்லாம் குண்டு குண்டா நிக்கும், பாத்தா சிந்தின தண்ணி மாதிரியே இருக்கும். எப்பாக்சி ரெசின மெல்லிசு மெல்லிசா அடுக்கடுக்கா ஊத்தணும், ஒரேயடியா ஊத்தினா எறுகறப்ப வர்ற சூட்டுல விரிசல் விடும். கோடைக்கால கெடிலம் ஆத்த செய்யறதா இருந்தா ரெசின் செலவே மிச்சம், மணலும் கருவேலமும் போதும். சவுக்குத் தோப்புக்கு கம்பியில தேங்கா நார பிரிச்சு ஒட்டுங்க. பனைமரம்தான் பிரச்சினை, 18 மீட்டர் பனை 80 சென்டிமீட்டர் ஆகும், எல்லாரும் பயந்துபோய் குட்டையா வெக்கிறாங்க, நான் முழு ஒசரத்துலதான் வெப்பேன், எஞ்சின் அதுக்கு அடியில போறப்பதான் எஞ்சினாவே தெரியும்.

கடைசியா புவியீர்ப்பு. 2 மீட்டர் ஒசரத்துல இருந்து விழுற கரி தரைக்கு வர 0.64 வினாடி, மாடல்ல 9 சென்டிமீட்டர், 0.135 வினாடி. 22.5ஓட வர்க்கமூலம் 4.74, எல்லா ஆட்டமும் குலுக்கலும் அத்தன மடங்கு வேகமா நடக்கும், அதான் வீடியோல பாத்தா பொம்மைன்னு காட்டிக்கொடுத்துடுது. போன்ல வினாடிக்கு 120 ஃப்ரேம்ல எடுத்து 25ல ஓட விடுங்க, 4.8 மடங்கு மெதுவாகும், வண்டிக்கு கனம் வந்துடும். மணிக்கு 3 கிலோமீட்டர்ல போற மாடல், 14ல ஸ்டேஷனுக்குள்ள நுழையற ஒய்.பி மாதிரி தெரியும். சத்தத்தையும் சேத்து மெதுவாக்குங்க, வினாடிக்கு 17 'குப்'புன்னு வெறும் இரைச்சலா கேட்டது மூணரையா பிரிஞ்சு தனித்தனியா கேக்கும்.