கேபிளை விட்டு ஃபைபருக்கு மாறும்போது கம்பிக்குள் என்ன மாறுகிறது?

ஒளியைக் காட்டிலும் விரைவானது எதுவும் இல்லை, ஃபைபரில் ஒளி செல்கிறது, ஆகவே ஃபைபர் இணையம் வேகமானது என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கிறோம். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் அது தவறான விளக்கம். வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, கண்ணாடிக்குள் நுழைந்தவுடன் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. கேபிள் டிவிக்காக மொட்டைமாடி மொட்டைமாடியாக இழுத்து வரப்படும் கறுப்புக் கேபிளில் செல்லும் மின்காந்த அலையோ நொடிக்குச் சுமார் 2.5 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஓட்டத்தை மட்டும் பார்த்தால் பழைய கேபிள்தான் முந்துகிறது. அப்படியிருந்தும் ஃபைபர் வெல்வதற்குக் காரணம், செய்தியைச் சுமக்கும் அலை வழியில் எவ்வளவு தேய்ந்துபோகிறது என்பதில் இருக்கிறது.

மதுரையில் ஏழு பேர் வேலை பார்க்கும் எங்கள் கட்டட வரைபட அலுவலகம் கேபிள் இணையத்தில்தான் பல ஆண்டுகள் ஓடியது. பதிவிறக்கம் நொடிக்கு 40 மெகாபிட், பதிவேற்றம் 4 மெகாபிட். இணையப் பக்கங்களைப் பார்ப்பதற்கு அது போதும். ஆனால் 2 கிகாபைட் அளவுள்ள வரைபடத் தொகுப்பை வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பைட்டுக்கு எட்டு பிட் என்று கணக்கிட்டால் 16,000 மெகாபிட். அதை நான்கால் வகுத்தால் 4,000 நொடி. அந்த ஒரு மணி நேரமும் மற்ற ஆறு பேருக்கும் இணையம் நின்றுபோனது போல இருக்கும். அனுப்புவது ஒருவர், தவிப்பது எல்லோரும் என்ற இந்த நிலைக்கான காரணம் கேபிளின் அமைப்பிலேயே இருக்கிறது.

கேபிளின் நடுவில் ஓர் உலோகக் கம்பி, அதைச் சுற்றி நுரை போன்ற காப்புப் பொருள், அதன்மேல் உலோக வலை, எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறை என்பது அதன் அமைப்பு. அலையின் அதிர்வெண் கூடக் கூட, மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டு விலகி மேற்பரப்பை ஒட்டியே செல்லும். 1 கிகாஹெர்ட்ஸில், செம்பில் அது செல்லும் ஆழம் வெறும் 2 மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரு பங்கு. அதனால்தான் பல கேபிள்களில் நடுக்கம்பியை எஃகால் செய்து, மேலே செம்புப் பூச்சு மட்டும் கொடுக்கிறார்கள். உள்ளே என்ன இருந்தாலும் அலைக்குப் பொருட்டில்லை. இவ்வளவு மெல்லிய தோலின் வழியாகவே மின்னோட்டம் முழுவதும் நெருக்கியடித்துச் செல்வதால் தடை கூடுகிறது, ஆற்றல் வெப்பமாகிறது. வீடுகளுக்கு வரும் சாதாரணக் கேபிளில் 1 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 15 மீட்டரிலேயே தன் ஆற்றலில் பாதியை இழந்துவிடும். தெருவில் செல்லும் கேபிள் இன்னும் தடிமனானது என்றாலும், சில நூறு மீட்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் வைத்துச் சிக்னலைத் தூக்கிவிட்டுக்கொண்டே வர வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கும். பதிவேற்றத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கேபிள் வலைப்பின்னல் தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. ஓரிடத்திலிருந்து எல்லோருக்கும் அனுப்புவதே அதன் வேலை. வீட்டிலிருந்து திரும்பிச் செல்லும் செய்திக்கு என்று 5 மெகாஹெர்ட்ஸ் முதல் 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு குறுகிய சந்துதான் வழக்கமாக ஒதுக்கப்பட்டது. அதற்கு மேலே, 860 மெகாஹெர்ட்ஸையும் தாண்டிச் செல்லும் அகலச் சாலை முழுவதும் இறங்குமுகப் போக்குவரத்துக்கு. போதாக்குறைக்கு, அந்தச் சந்தில்தான் மோட்டார், மிக்சி, சுவிட்ச் ஆகியவை கிளப்பும் மின்னிரைச்சல் அதிகம். ஒரு வீட்டில் முனை தளர்ந்து உள்ளே புகும் இரைச்சல், மரக்கிளைகள் அடிமரத்தில் சேர்வது போல, தெருவில் உள்ள மற்ற எல்லா வீட்டு இரைச்சலோடும் சேர்ந்து, கேபிள் நிறுவனத்தின் நிலையமான தலைமுனைக்குப் போய்ச் சேரும். அண்டை வீட்டின் துருப்பிடித்த ஓர் இணைப்பு எங்கள் பதிவேற்றத்தைக் கெடுக்க முடியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மழைக்காலத்தில் இணைப்புகளுக்குள் நீர் இறங்கும்போது தெருவே தள்ளாடியதற்கும் இதுதான் காரணம்.

பதிவேற்றம் அடைபட்டால் பதிவிறக்கமும் ஏன் படுக்க வேண்டும்? இணையத்தில் ஒரு கோப்பு சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. அவை வந்து சேர்ந்ததை நம் கணினி அவ்வப்போது ஒப்புகைச் சீட்டு போன்ற சிறு செய்தியாகத் திருப்பி அனுப்பினால்தான் அனுப்பும் சர்வர் அடுத்தடுத்த பொட்டலங்களை விடும். ஒருவர் பெரிய கோப்பை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், மற்றவர்களின் ஒப்புகைச் சீட்டுகளும் மோடத்துக்குள் அதே வரிசையில் பின்னால் நின்று காத்திருக்க நேரிடும். கீழே வரும் சாலை காலியாகக் கிடந்தும் அதில் எதுவும் வராது. சிறு அலுவலகங்களில் “நெட் ஸ்லோ” என்று எழும் புகார்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கணிப்பு. அதனால், திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் பதிவிறக்க எண்ணைவிடப் பதிவேற்ற எண்ணையே முதலில் கேட்க வேண்டும். கேபிளுக்கும் புதிய தரநிலைகள் வந்து மேல்நோக்கிய சந்தினை அகலப்படுத்தியிருக்கின்றன. ஆனால் தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபையர்களையும் வடிகட்டிகளையும் மாற்றினால்தான் அந்தப் பயன் வீட்டுக்கு வரும்.

இனி கண்ணாடிக்கு வருவோம். 1960களில் இருந்த கண்ணாடி இழையில் ஒளி 20 மீட்டர் செல்வதற்குள் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்; தொலைத்தொடர்புக்கு அது உதவாது என்றே பலரும் கருதினர். 1966இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், ஒளி தேய்வதற்குக் கண்ணாடியின் இயல்பு காரணமல்ல, அதில் கலந்துள்ள இரும்பு போன்ற மாசுகளே காரணம் என்று வாதிட்டனர். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும், தொலைபேசிக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வைத்த இலக்கு. நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் அந்த இலக்கைத் தாண்டிய இழை உருவானது. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய இழையில் ஒளி பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கேபிளில் 15 மீட்டர், கண்ணாடியில் 15 கிலோமீட்டர்: இந்த ஆயிரம் மடங்கு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன. எஞ்சியிருக்கும் இழப்புக்கும் வானத்தின் நீலத்துக்கும் ஒரே காரணம் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. உருகிய கண்ணாடி உறையும்போது அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் அப்படியே நிலைத்துவிடுகின்றன. காற்று மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிப்பது போல அவை இழைக்குள் செல்லும் ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறைந்த ஒளி மிக அதிகமாகச் சிதறும். அதனால்தான் நீலமோ சிவப்போ அல்லாமல், கண்ணுக்குத் தெரியாத, 1310 முதல் 1550 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளியை இழையில் அனுப்புகிறார்கள்.

மேலுறை நீங்கலாக இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான். ஒளி செல்லும் நடுப்பகுதியோ சுமார் 9 மைக்ரான்தான். அந்த நடுப்பகுதியில் ஜெர்மேனியம் ஆக்சைடைச் சிறிதளவு கலந்து, சுற்றியுள்ள கண்ணாடியைவிட ஒளிவிலகல் எண்ணை ஒரு சதவீதத்துக்கும் குறைவாக உயர்த்துகிறார்கள். அந்தச் சிறு வேறுபாடே போதும். சாய்வாகச் சென்று எல்லையில் மோதும் ஒளி, பள்ளிப் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பின்படி உள்ளேயே திரும்பிவிடுகிறது. நடுப்பகுதி இவ்வளவு குறுகியதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அகலமான இழையில் ஒளி பல பாதைகளில் சென்று முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால், அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 9 மைக்ரானில் ஒரே ஒரு பாதைக்குத்தான் இடம்.

இணைய நிறுவனத்தின் நிலையத்தில் உள்ள கருவியை ஓஎல்டி என்கிறார்கள். நம் சுவரில் மாட்டப்படும் பெட்டி ஓஎன்டி. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. தெருமுனைப் பெட்டியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர், ஒரே இழையில் வரும் ஒளியை 32 அல்லது 64 இழைகளுக்குப் பங்கிடும் கண்ணாடித் துண்டு மட்டுமே. நிலையத்தின் லேசர் 2 மில்லிவாட் ஒளியை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 பங்காகும்போதே, ஸ்ப்ளிட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்து, அது ஏறத்தாழ 50இல் ஒன்றாகிவிடும். இழை, இணைப்புகள் ஆகியவற்றின் இழப்பையும் கழித்தால் நமக்கு வருவது மில்லிவாட்டில் நூறில் இரு பங்கு போல. ஆனால் இப்படி ஓர் இழையைப் பலருக்குப் பங்கிடுவதற்குப் பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் ஓஎன்டிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் படித்துவிடும். கேபிளில் இப்படி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் 32 பேருக்குப் பங்கிட்டு, அதன் பிறகு பல கிலோமீட்டர் அனுப்புவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆக, ஃபைபரும் பகிர்ந்துகொள்ளப்படும் வழிதான்; நமக்கே நமக்கென்று ஓர் இழை நிலையம் வரை போகிறது என்று எண்ணுவது சரியல்ல. ஜிபானில் கீழ்நோக்கி 2.488 கிகாபிட், மேல்நோக்கி 1.244 கிகாபிட் மொத்த அளவு. 32 பேரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறங்கினால் தலைக்கு 78 மெகாபிட் பதிவிறக்கமும் 39 மெகாபிட் பதிவேற்றமும் கிடைக்கும். அப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவது அரிது என்பதால் 100, 200 மெகாபிட் திட்டங்களை விற்க முடிகிறது. இறங்குமுகமாக வருவதற்கு 1490 நானோமீட்டர், ஏறுமுகமாகப் போவதற்கு 1310 நானோமீட்டர் என்று இரு அலைநீளங்கள் ஒரே இழையில் எதிரெதிரே செல்கின்றன. கீழே வருவது 32 பேருக்கும் பொதுவாகவே வரும். குறியாக்கம் செய்யப்பட்ட அந்த ஓட்டத்தில் தனக்குரியதை மட்டும் ஒவ்வொரு ஓஎன்டியும் எடுத்துக்கொள்கிறது.

மேலே போவதுதான் நுட்பமான ஏற்பாடு. 32 லேசர்கள் ஒரே நேரத்தில் எரிந்தால் ஸ்ப்ளிட்டரில் எல்லாம் கலந்துவிடும். அதனால் ஓஎல்டி ஒவ்வொருவருக்கும் நேரத் துண்டு ஒதுக்குகிறது. நொடியின் எட்டாயிரத்தில் ஒரு பங்கான 125 மைக்ரோநொடி ஒரு சுற்று. அதற்குள் யார் எப்போது தொடங்கி எப்போது முடிக்க வேண்டும் என்ற ஆணை வந்துகொண்டே இருக்கும். இதில் தூரம் குறுக்கிடுகிறது. இழையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு 5 மைக்ரோநொடி ஆகும். ஒரு கிலோமீட்டரில் உள்ள கடைக்கும் எட்டு கிலோமீட்டரில் உள்ள அலுவலகத்துக்கும் ஆணை போய்ப் பதில் திரும்புவதற்கு 10, 80 என்று 70 மைக்ரோநொடி வேறுபாடு இருக்கிறது. அந்த இடைவெளியில் 87,000 பிட்டுகள் கடந்துவிடும். ஆகையால் புதிய ஓஎன்டி இணைந்தவுடன் ஓஎல்டி முதலில் அதன் தூரத்தை அளந்து, பக்கத்தில் இருப்பவர் கூடுதலாக எவ்வளவு காத்திருந்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. கணக்கின்படி எல்லோரும் ஒரே தூரத்தில் இருப்பதாக ஆகிவிடுகிறது. பழுதான ஓர் ஓஎன்டி தன் முறை முடிந்த பின்னும் லேசரை அணைக்காமல் இருந்தால் தெரு முழுவதற்கும் பதிவேற்றம் கெடும். பகிர்வின் இந்த ஒரு பலவீனம் கண்ணாடியிலும் தொடர்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கு இழை வந்த நாளில் நான் அதிக நேரம் நின்று பார்த்தது ஸ்ப்ளைசிங்கைத்தான். இழையின் மேலுறையை உரித்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, இரு முனைகளையும் கருவிக்குள் எதிரெதிரே வைத்தார் தொழில்நுட்பர். திரையில் இரண்டு தூண்களைப் போலத் தெரிந்த அவற்றைக் கருவியே நேர்ப்படுத்தி, ஒரு மின்பொறியால் உருக்கி ஒட்டியது. வெட்டிய துணுக்குகளை அவர் ஒரு டப்பாவில் கவனமாகச் சேகரித்தார்; தோலில் ஏறினால் அந்தக் கண்ணாடி முள் கண்ணுக்குத் தெரியாது. இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது, அகச்சிவப்பு லேசர் எரிவது நமக்குத் தெரியாது. சுவர் மூலைகளில் இழையைச் செங்கோணமாக மடிக்காமல் வளைத்துக் கொண்டுவந்தார். கூர்மையாக மடித்தால் ஒளி எல்லையில் மோதும் கோணம் மாறி வெளியே கசிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் நாள் பாதிக் கணினிகளில் வேகம் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை. திட்டமோ 200 மெகாபிட். கோளாறு எங்கள் சுவருக்குள் இருந்தது. நூறு மெகாபிட் சுவிட்ச் ஒன்று மேசைக்கடியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சில நெட்வொர்க் கேபிள்களில் நான்கு இணை ஒயர்களுக்குப் பதிலாக இரண்டை மட்டுமே முனையில் பொருத்தியிருந்தார்கள். கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். ஃபைபருக்கு மாறுபவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து சிசிடிவியையோ கணக்கு மென்பொருளையோ திறந்து பார்ப்பவர்கள், நிலையான பொது ஐபி முகவரி கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும் முறையில் அவை இயங்காமல் போகலாம். நாங்கள் பழைய இணைப்பை ஒரு மாதம் கூடுதலாக வைத்திருந்து இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னரே நிறுத்தினோம்.

மின்தடையின்போது வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. முன்பு எங்கள் இன்வெர்ட்டர் ஓடினாலும் தெருவின் ஆம்ப்ளிஃபையர் அணைந்தால் இணையம் போய்விடும். இப்போது நிலையத்திலும் எங்கள் பெட்டியிலும் மின்சாரம் இருந்தால் போதும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இடி இடிக்கும்போது மோடத்தைக் கழற்றி வைக்கும் வழக்கமும் இழையைப் பொறுத்தவரை தேவையில்லை. ஆனால் மின்செருகி வழியாக வரும் அதிர்ச்சிக்குக் காப்பு வேண்டும். இழையைத் தாங்கி வரும் எஃகுக் கம்பியையும் வெளிச்சுவரிலேயே கட்டி வெட்டிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் தொழில்நுட்பர் வந்து சேரும் ஒளியைப் பவர் மீட்டரில் பார்த்துச் சொன்ன அளவு மைனஸ் 19 டிபிஎம். இந்த அளவுகோலில் எண் 3 இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்திலும் இதை நாமே பார்க்கலாம். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். என்றாவது அது மைனஸ் 22 என்று காட்டினால், இணையம் ஓடிக்கொண்டிருந்தாலும் வழியில் எங்கோ பாதி ஒளி கசிகிறது என்று பொருள். மடிந்த மூலையையும் அழுக்கேறிய முனையையும் தேடத் தொடங்க அதுவே போதும்.