இருட்டில் எழுதும் டார்ச்

இருட்டில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை 30 விநாடி திறந்துவைத்து, எதிரே நின்று டார்ச்சால் காற்றில் 'அ' என்று எழுதுங்கள். படத்தில் எழுத்து பளிச்சென்று விழும் (இடம் வலமாகத் திரும்பித்தான்). எழுதிய ஆளைக் காணவே காணோம்! எத்தனை முறை எடுத்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் (படப்புள்ளியும்) ஒரு சின்னக் கிண்ணம். ஒளித்துகள் பட்டதும் சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான் விடுபட்டு அதில் சேர்கிறது. ஷட்டர் மூடும்வரை சேர்ந்துகொண்டே இருக்கிறது. நகர்ந்துகொண்டிருக்கும் நம் உடலிலிருந்து எந்த ஒரு கிண்ணத்துக்கும் போவது சில துளி ஒளிதான். டார்ச்சோ கடந்து போகிற கணத்திலேயே கிண்ணத்தை நிரப்பிவிடுகிறது. 1838-ல் புகைப்படக்கலை முன்னோடி டாகேர் நீண்ட நேரம் ஒளிபடவிட்டு எடுத்த பாரிஸ் வீதிப் படத்தில் போக்குவரத்து முழுவதும் மறைந்துபோய், காலணிக்கு மெருகு போட ஒரே இடத்தில் நின்றவர் மட்டும் பதிந்ததும் இப்படித்தான்.

ஒளிக்கோடு அளவுக்கு மீறி வெளுத்துப்போனால், புதிதாக எடுப்பவர்கள் முதலில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். கோடு கொஞ்சமும் மங்காது. கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் டார்ச் அதைக் கடக்கும் நேரம்தான் கணக்கு. ஷட்டர் 10 விநாடி திறந்திருந்தாலும் 60 விநாடி திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கோட்டை மங்கவைக்க அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) சுருக்க வேண்டும், ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்கான உணர்திறன் அளவை) குறைக்க வேண்டும், அல்லது கையை வேகமாக வீச வேண்டும். பின்னணி அப்படியல்ல. அசையாமல் நிற்கும் மரமும் சுவரும் முழு நேரமும் ஒளி அனுப்புகின்றன. நேரத்தை இரட்டித்தால் அவற்றின் ஒளியும் இரட்டிக்கும். ஆக, பின்னணிக்கு ஷட்டர், கோட்டுக்குக் கை. இது பிடிபட்ட பிறகுதான் இப்படி ஒளியால் வரையும் 'ஒளி ஓவியம்' குருட்டாம்போக்கிலிருந்து கலையாகிறது. அபர்ச்சர் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து, டார்ச் இல்லாமல் பின்னணியை மட்டும் எடுத்து நேரத்தை முடிவு செய்யுங்கள். பிறகு கையின் வேகத்தைப் பழகலாம்.

விண்மீன்களுக்கும் இதே விதிதான். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் ஒவ்வொரு விண்மீனும் மெதுவாக நகரும் டார்ச்போல. நேரத்தைக் கூட்டினால் அதன் தடம் நீளும், பிரகாசம் கூடாது. வானத்தின் வெளிச்சம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் பலரும் குறைந்த நேரம் ஷட்டரைத் திறந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொரு பிக்சலிலும் மிகப் பிரகாசமான மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றாக அடுக்குகிறார்கள்.

இன்னொன்று. மின்இணைப்பில் எரியும் சில எல்.இ.டி. விளக்குகளை நோக்கிக் கேமராவை வீசினால் கோடு விழாது, புள்ளிவரிசை விழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவை விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. இரண்டு புள்ளிகளுக்கு இடையே 10 மில்லிவிநாடி. 1910-களில் அமெரிக்கரான ஃபிராங்க் கில்பிரெத் தொழிலாளர்களின் கையில் சிறு மின்விளக்கைக் கட்டி, மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தி, புகைப்படத் தகட்டில் விழுந்த விட்டுவிட்ட கோடுகளை எண்ணியே கை எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது என்று அளந்தார்.